பால்கனியில் இருந்த இன்சுலின்

பனிக்காலம் பிறந்தால் என் அத்தான் ஸ்தாமென் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவார். டான்யூப் நதிக்கரையில் விதின் ஊரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய், பன்றிக்கொழுப்பு, தயிர் எல்லாம் பால்கனிக்குப் போய்விடும். "வெளியில கடவுளே சும்மா குளிர் குடுக்குறப்போ, உள்ள ஒரு பெட்டி எதுக்கு உறுமிக்கிட்டு கெடக்கணும்?" என்பார்.

என் அக்கா நெவேனா சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசியில் உயிர் வாழ்கிறவள். மருந்தைப் பத்திரமாக வைப்பது அத்தானின் வேலை. கோடையில் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால்கூட ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைப்பார். வெயில் பட்டால் மருந்து செத்துப்போகும் என்று எனக்கே எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மற்றதில் தாராளமாகச் சொல்லலாம்.

இந்த ஜனவரியில் டான்யூப் நதியில் பனிக்கட்டி மிதந்தது. அக்காவுக்குச் சர்க்கரை ஏறியது, டாக்டரைக் கேட்டு ஊசியைக் கூட்டிப் போட்டும் இறங்கவில்லை. ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடித்தாள். கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே ஓய்ந்துபோனாள். அத்தான் ஒரே முடிவுக்கு வந்தார். அவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள்.

"பண்டிகைக்குச் செஞ்ச பூசணி இனிப்புச் சுருள் மிச்சம் எங்க போச்சு?" என்று என் எதிரிலேயே கேட்டார்.

"பாதியை நீதான் தின்னே. நான் பண்டிகையன்னிக்கு ஒரு வாய் வெச்சேன், அதோட சரி," என்றாள் அக்கா.

"அப்போ சர்க்கரை பாக்குற மீட்டர் பொய் சொல்லுதா?"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

அவர் தேன் பாட்டிலை எடுத்துப்போய்த் தன் சுத்தியல், ஸ்பேனர் இருக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அக்காவுக்குப் பொய் சொல்லவே வராது. சீட்டாடும்போது நல்ல சீட்டு வந்தால்கூட முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதை நான் சொன்னதற்கு, "தங்கச்சி தங்கச்சி பக்கம்தானே நிப்பா," என்று அத்தான் சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் மாடியேறிப் போனபோது அக்கா வாந்தி எடுத்துவிட்டு சோபாவில் கிடந்தாள். அவள் மூச்சில் அழுகின ஆப்பிள் வாடை. "அத்தான், ஊசியைக் கொண்டாங்க," என்று கத்தினேன்.

அவர் பால்கனிக்குப் போனார். திரும்பி வரும்போது இன்சுலின் ஊசிப் பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, வாயால் ஊதிக்கொண்டே வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கல்லு மாதிரி கெடக்கு. தெனமும் இப்படித்தான் உருக்கிக் குடுக்குறேன். சில்லுனு ஏறினா அவளுக்கு வலிக்கும்ல?"

"மருந்து உறைஞ்சா கெடந்துச்சு?"

"குளிர்ல வைங்கன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க."

நான் பேனாவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எனக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உறைந்து உருகின பால் திரிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் புது இன்சுலின் ஏற்றினார்கள். நர்ஸ் அத்தானைத் தனியே நிறுத்திச் சொன்னார்: "வெயில் எப்படியோ, உறையிற குளிரும் அப்படித்தான். ஒரு தடவ உறைஞ்சா, உருக்கினாலும் அது மருந்து இல்ல. ஃபிரிட்ஜ் கதவுல வைங்க, பால்கனியில வைக்காதீங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா இவங்க இல்ல." அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அக்கா கண் விழித்து, தெளிவாகப் பேசினாள். அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு மருந்து மேலதான், நெவேனா. உன் மேல இல்ல. இப்போ எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"நர்ஸ் சொன்னாங்க."

"அவங்க ஒரு தடவ சொன்னதும் நம்பிட்டே," என்றாள் அக்கா. "நான் தெனமும் சொன்னேன்."

அத்தான் அவள் கையைப் பிடிக்கப் போனார். அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, என்னிடம் தண்ணீர் கேட்டாள்.