வெறும் தண்ணீரில் வந்த மேடு

மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிடிவாதம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த மகள் எட்டு நாளாக மாடியில், பச்சிளங்குழந்தை வார்டில் இருந்தாள். அந்த வார்டுத் தண்ணீர்தான் அன்று காலை அவளிடம் சோதனைக்கு வந்திருந்தது.

சோதனை பெரிய மாயம் ஒன்றுமில்லை. நகத்தளவு தங்கத் தகட்டில், தேடுகிற கிருமியின் டிஎன்ஏவுக்கு ஜோடியான ஒற்றை இழைகளை நட்டிருப்பார்கள். தண்ணீரில் அந்தக் கிருமி இருந்தால் அதன் இழை வந்து ஜோடி சேரும், மின்சாரம் கூடும், திரையில் தட்டையாக ஓடும் கோடு மேடு கட்டும். இதில் சிபாரிசெல்லாம் செல்லாது.

வார்டுத் தண்ணீருக்கு நல்ல உயரமான மேடாகவே வந்தது.

ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். வார்டுக்குத் தண்ணீர் போகும் மாடித் தொட்டி சுத்தம் என்று போன மாதம் கையெழுத்துப் போட்டவர் அவர்.

"வெறும் தண்ணி ஓட்டினியாம்மா?"

கிருமியில்லாத தண்ணீரையும் கூடவே ஓட்ட வேண்டும் என்பது முறை. அதற்குக் கோடு தட்டையாக வந்தால்தான் கருவி சொல்வதை நம்பலாம். ஆய்வகத்து வடிகட்டியில் பிடித்த தண்ணீரைத்தான் அதற்கு வருஷக்கணக்காக வைத்துக்கொள்வார்கள். ஓட்டினாள். அதற்கும் மேடு வந்தது. சின்னதுதான், ஆனாலும் மேடு மேடுதானே!

தலைவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா? சுத்தமான தண்ணியிலயே கிருமிங்குது. நீ தகட்ட அழுக்காக்கிட்ட. கிருமி இல்லன்னு எழுதிக் குடு."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. தகடு புதுசு, கையுறை புதுசு. பழையது தண்ணீர் மட்டும்தான். வடிகட்டிக்கு அது எங்கிருந்து வருகிறது? அதே மாடித் தொட்டியிலிருந்து! இத்தனை வருஷமும் திருடனையே சாட்சிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஊசிமருந்து கலக்க வெளியிலிருந்து வரும், கிருமி நீக்கிய தண்ணீர்க் குப்பி ஒன்றை எடுத்து உடைத்தாள். "புதுத் தகடு சார். நீங்களே பிரிங்க. நீங்களே சொட்டு விடுங்க."

விட்டார். கோடு தட்டையாக ஓடி முடிந்தது. அடுத்த புதுத் தகட்டில் வடிகட்டித் தண்ணீரை அவர் கையாலேயே விடச் சொன்னாள். மேடு மறுபடியும் வந்தது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மேலதிகாரிங்க வர்றாங்கம்மா. ஒரு வாரம் பொறு, தொட்டிய சத்தமில்லாம கழுவிடலாம். உன் தங்கச்சி குழந்தைய இன்னைக்கே வேற கட்டடத்துக்கு மாத்திடறேன். போதுமா?"

ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை அது. அடுத்த நிமிஷமே, தன்னை இவ்வளவு மலிவாக எடைபோட்டுவிட்டாரே என்று கசந்தது.

"வார்டுல எத்தனை தொட்டில் சார்?"

"பன்னெண்டு."

"அப்ப பன்னெண்டையும் மாத்துங்க."

"உன் வேலை போயிடும்மா."

"போகட்டும். நான் பாத்தத பாக்கலைன்னு எழுத மாட்டேன்."

வெறும் தண்ணீரில் வந்த மேட்டையும், ஆய்வகம் இத்தனை நாள் செய்த தப்பையும் சேர்த்தே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தலைவர் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, தாளோடு படியேறினாள்.

வார்டில் நர்ஸ் முதல் தொட்டில் குழந்தையைத் துடைக்கத் துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். இவள் குழாயை மூடிவிட்டுத் தாளை நீட்டினாள். படித்ததும் நர்ஸ் துணியைக் கீழே போட்டாள்.

தங்கை பதறி ஓடி வந்தாள். "அக்கா, பாப்பாவ எங்கயோ மாத்தப் போறாங்களாமே? இப்பதான் கீழேர்ந்து போன் வந்துச்சு. நம்மள மட்டுமாம்."

"நம்மள மட்டும் இல்லடி." முதல் தொட்டிலின் கம்பியைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். "இங்கேர்ந்து ஆரம்பிக்கிறோம். நம்ம பாப்பா கடைசி."