இரண்டு தகர வாய்கள்

முத்துவீரன் காரின் முன்சக்கரத்தடியில் மல்லாந்து கிடந்து, தகரக் குழாயின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவையாக இந்தக் கூத்து. முதலில் வைத்த பிளாஸ்டிக் குழாய் பிரேக் சூட்டில் இளகித் தொங்கிப்போனது. பிறகு தேயிலை ஃபெக்டரியில் கழித்துப் போட்ட கம்பிச்சுருள் குழாயை வாங்கிவந்து பூட்டினான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் டயர் அதை உரசிக் கிழித்தது. இப்போது சக்கரத்துப் பக்கம் தகரக் குழாய், நடுவில் கம்பிக் குழாய், முன் பம்பரில் எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய அகலமான இரண்டு வாய்கள்.

கார் யட்டியாந்தோட்டைக் கடைக்காரர் இக்ராமுடையது. ரேஸ் பாதையில் நாலு சுற்று ஓடினால் பிரேக் கொதித்துப் பிடிக்காமல் போகிறது. ஓடுகிறபோது வெளிக்காற்றை நேரே பிரேக்குக்கு இழுத்துவிட்டால் சூடு தணியும், அதைத் தானே செய்யலாம் என்று வாயைக் கொடுத்தவன் முத்துவீரன்தான்.

"சரி வந்தா நீ பாஸ்டா. இல்லாட்டி பழையபடி வாகனம் கழுவப் போயிரு," என்றார் கராஜ் முதலாளி நல்லையா.

அந்தப் பக்கத்தில் கைதேர்ந்த மெக்கானிக்கைத்தான் பாஸ் என்பார்கள். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்த முத்துவீரன் எட்டு வருஷம் சேற்றுத் தண்ணீரில் நின்று கழுவியவன். கால்விரல் இடுக்கெல்லாம் புண். மறுபடி அங்கே போக அவனுக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை, கராஜுக்குச் சாம்பிராணி போட்ட தட்டை அப்படியே தூக்கிக் காருக்கு முன்னால் வைத்து ஃபேனைப் போட்டான். புகை தகர வாய்களுக்குள் நுழைந்து, சக்கரத்துக்குள்ளே பிரேக் தட்டின் நடுவில் குபுகுபுவென்று வந்தது.

"பாத்தீங்களா மொதலாளி? வழி தப்பாமப் போவுது."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லி இருமினார் நல்லையா.

ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு இக்ராமும் நல்லையாவும் போனார்கள். கராஜைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். குழாய் செய்தவன் காவலுக்கு.

பின்னேரம் கார் லொறியில் ஏறி வந்தது. ஆறாவது சுற்றில் பிரேக் மிதி அடியோடு இறங்கி, டயர் அடுக்கில் மோதியிருந்தது. இக்ராமின் கையில் கட்டு.

முத்துவீரன் பம்பரைப் பார்த்தான். இரண்டு தகர வாய்களையும் மூடிக்கொண்டு, சிவப்பு எழுத்தில் கராஜின் பெயர் பளபளத்தது. அவன் நகத்தால் கீறி ஸ்டிக்கரைக் கிழித்தான்.

"யாரு இத ஒட்டுனது?"

"நாந்தான். போட்டோவுல பேரு தெரிய வேணாமா?" என்றார் நல்லையா.

"காத்து போற வாய அடைச்சிட்டீங்களே! அப்புறம் எப்புடிங்க பிரேக் ஆறும்?"

"இந்தத் தாள் மாதிரி ஸ்டிக்கரு பிரேக்க என்னடா செய்யும்?"

"நானா, நீங்களாவது பாருங்க..." என்று இக்ராமிடம் திரும்பினான்.

இக்ராம் வலியில் முகம் சுளித்தார். "சாம்பிராணிப் பொகைய நம்பி வண்டிய எடுத்தது என்ட பிழை. இனி இவன்ட கை என்ட வாகனத்துல படக்கூடாது."

முத்துவீரன் கிழித்த ஸ்டிக்கரை நீட்டினான். இன்னொரு முறை சாம்பிராணி போட்டுக் காட்டுகிறேன் என்றான். நின்று பார்க்க யாருக்கும் பொறுமையில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவன் கழுவுகிற பக்கம் நின்றான். பத்து மணிக்கு அச்சகத்திலிருந்து பெரிய பேனர் ஒன்று வந்தது. ரேஸ் தொடங்குமுன் எடுத்த படம்: புதுப்பெண் போல நின்றது கார்.

"முத்து, ஏணியப் போட்டு வாசல்ல கட்டு."

ஈரக் காலோடு ஏறினான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார் நல்லையா.

"சுருக்கம் விழுதுடா. அந்த பம்பர் பக்கம் நல்லா இழுத்துக் கட்டு, பேரு தெரியட்டும்."

முத்துவீரன் இழுத்துக் கட்டினான். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற அளவில், இரண்டு வாய்களின் மேலும் சிவப்பு எழுத்து விறைத்து நின்றது.