பன்னிரண்டாவது டிரம்

தங்கை எப்படியும் தன் பெயரை இழுத்துவிடுவாள் என்ற பயத்தோடுதான் மருந்துக் கம்பெனி முதலாளி அன்று நீதிமன்றப் படியேறினார். இழுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் மூன்று நாளாகப் பாடம் நடத்தியிருந்தார்: "எனக்கு ஒண்ணும் தெரியாது. பரிசோதனை அவங்க பொறுப்பு." இரண்டே வரி. வாயில் வரவே மாட்டேன் என்றது.

பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட தங்கைக்குக் கம்பெனியில் தராசக்கா என்று பட்டப்பெயர். டீக்குப் போடும் சர்க்கரையைக்கூட எடை பார்ப்பாள் என்று கேலி. இருமல் மருந்துக்கான திரவம் டிரம் டிரம்மாக வந்து இறங்கினால், ஒவ்வொன்றையும் திறந்து, தனித்தனியாக மாதிரி எடுத்துப் பார்த்து, அவள் கையெழுத்துப் போட்ட பிறகே கலவை அறைக்குப் போகும். சட்டம் கேட்பதும் அதைத்தான்.

அன்றைக்கு வந்தது பன்னிரண்டு. கடைசி டிரம்மின் மூடி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஃபிட்டர் சாப்பிடப் போயிருந்தார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"பதினொண்ணும் நல்லாத்தானே இருக்கு? இது மட்டும் என்ன வானத்துலேருந்தா குதிச்சுது? பன்னெண்டுன்னு எழுதிக் கையெழுத்தப் போடும்மா."

போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ஃபிட்டர் மூடியைத் திறந்தார். நேரே கலவையில் ஊற்றினார்கள். நஞ்சு அதில்தான் இருந்தது.

ஒன்பது பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எட்டுப் பேர் தேறிவிட்டார்கள். ஐந்து வயதுக்காரி ஒருத்திக்குச் சிறுநீரகம் போய்விட்டது. அவளுடைய அம்மா முதல் வரிசையில், மடியில் சின்னத் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். இது அபராதத்தோடு ஓய்கிற குற்றமில்லை, ஏழு வருடம் வரை உள்ளே தள்ளலாம். தங்கை வாய் திறக்காவிட்டால் தள்ளப்படுவது அவள் மட்டும்தான்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பன்னெண்டாவதத் திறந்து பாத்தீங்களா?"

"இல்லம்மா. பாத்ததா எழுதினேன்."

"யாராவது சொல்லி எழுதினீங்களா?"

முதலாளி அந்த இரண்டு வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தங்கை அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"யார் சொன்னா என்னம்மா, கை என்னோடது. அது எழுதாம இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. முதலாளி அவளையே பார்த்தார். சின்ன வயதில் கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நின்று கத்தியவள் இவள்தானா? தன்னைவிட அரை அடி குட்டையான ஒருத்தியை அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவருக்கு. இத்தனை வருடம் இவளுக்கா சம்பளம் கொடுத்தோம், இவளையா அதட்டினோம் என்று மலைத்துப் போனார்.

எழுந்துவிட்டார். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் தெறித்தது.

"அம்மா, சொன்னது நான்தான்."

"உங்கள யாரும் கேக்கலையே?"

"கேக்க மாட்டாங்கன்னுதாம்மா இவ்வளவு நாள் உக்காந்திருந்தேன்."

"இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"ஏழு வருஷம்மா."

முதல் வரிசையில் அந்தத் தாய் திரும்பி அவரைப் பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை. அதை அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் சொன்னதைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினார்கள். மொத்தம் ஒரு பக்கம். பழக்கதோஷம், பேனா நேரே அடியில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போனது.

"அண்ணே," என்றாள் தங்கை. பல மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "படிச்சுட்டுப் போடு."

முதலாளி பேனாவை மூடினார். மேலிருந்து, வரிக்கு வரி விரல் வைத்து, கடைசி வரி வரைக்கும் படித்தார். நீதிமன்றம் முழுக்கக் காத்திருந்தது.