ஆறாம் பொத்தானுக்கு ஒரு விளக்கக் கடிதம்

1

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். அப்போது இதற்குப் பெயர் விளக்கக் கடிதம். எங்கள் பிஷ்கெக்கில் எந்த அலுவலகத்தில் எது கெட்டுப்போனாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, எப்படிக் கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் வருவார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள், ஆனால் வாசகம் நன்றாக வரும் என்று எனக்கொரு பேர். (அந்தப் பேரை நானும் நம்பினேன்.)

2

தொடக்கத்தைச் சில விதமாக எழுதிப் பார்த்தேன்.

குளிர்ந்த அந்தக் கூடத்தில் இயந்திரங்கள் துறவிகளைப் போல—

இல்லை. துறவியாவது ஒன்றாவது. இரும்பு அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய தட்டைப் பெட்டிகள். ஓயாமல் இரையும்.

கனிஷாய் முப்பத்தாறு வயதுக் கெட்டிக்காரி. ஆனால் அன்று அவள் கவனம்—

இது கடிதத்திலிருந்து வந்த வரி. பொய். நீங்களும் பார்க்க வேண்டும் என்று அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

நேராகவே சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் கனிஷாய் வேலை பார்க்கும் கூடத்தில் எட்டு சர்வர்களுக்கு ஒரே விசைப்பலகை, ஒரே திரை. நடுவில் எட்டுப் பொத்தான் வைத்த சின்னப் பெட்டி. மூன்றை அழுத்தினால் மூன்றாவதோடு பேசலாம், ஆறை அழுத்தினால் ஆறாவதோடு. எட்டும் ஒன்றிலிருந்து பிரதி எடுத்தவை என்பதால் திரையில் எல்லாம் ஒரே பெயரைத்தான் காட்டும்.* எது எது என்று சொல்வது பொத்தானுக்கு மேல் ஒட்டிய காகிதத் துண்டு மட்டும்.

* தனித்தனிப் பெயர் வைக்க அரைநாள் போதும் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள். "எதுக்கும்மா, புள்ளையா பெத்து வச்சிருக்கோம்?" என்று சிரித்தவர் அவளுடைய மேலாளர் சோவெத்பெக்.

மூன்றாவதில் நகர ஓரத்து ஐயாயிரம் வீடுகளின் மனைப் பத்திரங்கள். ஆறாவது பழசு, திங்கட்கிழமை துடைத்து ஒரு பள்ளிக்குக் கொடுக்க வேண்டியது. பொத்தான் பெட்டியின் மூன்றாம் துளை ஆட்டம் கண்டிருந்ததால், வெள்ளிக்கிழமை சோவெத்பெக் மூன்றாவதின் வயரையும் ஆறாவதின் வயரையும் இடம் மாற்றிச் செருகினார். காகிதத் துண்டை மாற்றவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

திங்கள் காலை கனிஷாய் ஆறை அழுத்தினாள், அழிக்கச் சொன்னாள், தேநீர் குடிக்கப் போனாள். அழிந்தது பத்திரங்கள் இருந்த மூன்றாவது.

பத்திரக் காகிதங்களைக் கணினியில் ஏற்றிய கையோடு எரித்திருந்தார்கள். மாற்றுப் படி வைக்கும் கருவி பதினான்கு மாதமாகப் பழுது.

3

பத்திரங்களைக் காணோம் என்று தெரிந்து அவள் ஓடி வந்தபோது சோவெத்பெக் அலமாரியின் பின்பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வயர்கள் பழையபடி இருந்தன.

அந்தக் கூடத்தில் கிசுகிசுக்க முடியாது. காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும்.

"பைகே, வயரை மாத்தியிருந்தீங்களா?" அண்ணன் முறை வைத்துத்தான் கேட்டாள்.

"இப்ப எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"இப்ப இருக்கு. காலையில இருந்துச்சா?"

"வெள்ளிக்கிழமை பேரனுக்குத் தொட்டில் விருந்து. வெளியில காரு நின்னு ஹாரன் அடிக்கிறான். மறந்துட்டேன்."

"அப்ப அதை எழுதுங்க."

"எனக்கு இன்னும் ரெண்டு மாசம் சர்வீஸ். நீ சின்னவ. உம்மேல விழுந்தா தூசி, தட்டிட்டுப் போயிடலாம். எம்மேல விழுந்தா அது மண்ணு."

"கேஸ் வந்தா?"

"என்னது?"

"கேஸ் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன்."

அவர் காதைக் காட்டி, இரைச்சலில் கேட்கவில்லை என்று சைகை செய்தார்.

4

(சோவெத்பெக்கைக் கொடியவராக எழுத எனக்குக் கை வரவில்லை. கொடியவராக இருந்தால் கனிஷாய்க்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.)

சாயங்காலம் என் சமையலறையில் கனிஷாய் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னாமல் வைத்தாள்.

"உள்ளதை எழுதட்டுமா, அவர் கேட்டதை எழுதட்டுமா?" என்றேன்.

"அவர் நம்ம தலாஸ் ஆளு எஜே. இந்த வேலையே அவர் வாங்கிக் குடுத்தது. ஊர்ல அம்மா எப்படி முழிப்பா?" எஜே என்றால் அக்கா.

அவர் கேட்டதையே அவள் பெயரில் எழுதினேன். என் கவனக்குறைவால் தவறான பொத்தானை அழுத்திவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசகம் நன்றாக வருகிறவள் அல்லவா? விரல் நழுவியதையும், தூக்கம் போதாததையும் சேர்த்தேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். "இவ்வளவு நல்லா எழுதிட்டீங்களே எஜே. நாந்தான் செஞ்சேன்னு எனக்கே தோணுது."

அவள் போன பிறகு நான் உட்கார்ந்து எழுதியதுதான் நீங்கள் படிப்பது.

5

முடிவுகள்.

கையெழுத்துப் போடுகிறாள். விடைபெறும் விருந்தில் சோவெத்பெக்கின் தோளில் புது அங்கி போர்த்துகிறார்கள். அவள் சந்தையில் காலுறை விற்கிறாள். எட்டு இயந்திரங்களுக்கும் இன்னும் ஒரே பெயர்.

கிழித்துப் போடுகிறாள். தலாஸில் அவள் அம்மாவை எந்த விருந்துக்கும் யாரும் அழைப்பதில்லை.

சோவெத்பெக் தானே எழுந்து, "அது நான்—"

(இதற்குமேல் பேனா நகரவில்லை.)

காலையில் கனிஷாய் மறுபடி வந்தாள். கடிதத்தையும் இந்தக் கதையையும் அருகருகே வைத்தேன். ஒன்பது மணிக்குள் ஒன்றை அவள் கொடுத்தாக வேண்டும். எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். எதை எடு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு நேற்றே போய்விட்டது. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அந்த ஐயாயிரம் வீடுகளில் ஒன்று உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

உங்கள் வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் தாங்கள் செய்ததற்கு மட்டும் கையெழுத்துப் போட்டு வாழட்டும்.