ஆயில் குடிக்கும் கார்

முதியோர் இல்லத்திலிருந்த மாமியாருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வந்தது. மனைவி வாராவாரம் போய் முகம் காட்டட்டும் என்றுதான் தையல்காரர் அந்தப் பழைய காரை வாங்கினார். மூன்றே மாதத்தில் எஞ்சின் ஆயில் குறைய ஆரம்பித்தது.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்தார். “ஒரு சொட்டு ஒழுகலண்ணே. உள்ளயே எரிச்சிடுது. எஞ்சினப் பிரிச்சாலும் சரியாகும்னு சொல்ல முடியாது.”

“நான் குடிய விட்டேன், இது ஆரம்பிச்சிடுச்சா?”

மெக்கானிக் சிரிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மனைவி பையோடு வந்து நின்றாள். “நம்பி ஏறலாமாங்க?”

அவர் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். முந்தாநாள் ஊற்றிய ஆயில் நுனியில்கூட ஒட்டவில்லை.

“பஸ்ல போயிட்டு வந்துடும்மா,” என்றார்.

மூன்று பஸ் மாறிப் போக வேண்டியிருந்ததால், மாதம் ஒருமுறைதான் அவளால் போக முடிந்தது. இரண்டாம் மாதம் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, “நீ யாரும்மா?” என்று மரியாதையாகக் கேட்டாள்.