முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் ஸ்டிக்கர்

அந்த ஸ்டிக்கர்களை ஒட்டியது நான்தான். ஊரார் வாய் வழியாகத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஜங்ஷனில், தங்கதுரை அண்ணாச்சியின் மருந்துக் கடையில் நான் பார்மசிஸ்ட். ஏலக்காய்த் தோட்டத்தில் களை வெட்டியே என் அப்பா பாண்டி என்னைப் படிக்க வைத்தார். இப்போது அவருக்கு முதுகு முடியவில்லை. வீட்டுக்கு வருவது என் சம்பளம் மட்டும். அதனால் அண்ணாச்சி "ஒட்டு" என்றதும் வாயை மூடிக்கொண்டு ஒட்டினேன்.

மலைப்பாதையில் மண் சரிந்து நான்கு நாளாகச் சரக்கு வண்டி வரவில்லை. எங்கள் ஃபிரிட்ஜில் இருபத்திரண்டு இன்சுலின் குப்பிகள் இருந்தன. பெட்டியில் நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் என்று அச்சடித்திருந்த இடத்தின்மேல் முந்நூற்றுத் தொண்ணூறு ஏறியது. அடுத்த மருந்துக் கடை சரிவுக்கு அந்தப் பக்கம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். அண்ணாச்சி அதை "டிமாண்டு" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள், ஆளேற்ற ஜீப் நிற்கும் ஜீப்படியில் கூடியிருந்தார்கள். அவர்களில் மூக்கம்மாள் அத்தை மட்டும் கடைக்கு வந்தாள். அவள் மகள் ராமலட்சுமிக்குப் பதினொரு வயது. சிறு வயதிலேயே சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டாள்.

"குப்பி காலி தாயி. காலையில போட்டதோட சரி. சாயங்காலத்துக்கு வேணும், ஒண்ணு குடு."

விலையைச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன மாசம் நூத்தி நாப்பத்தெட்டுத்தானே புள்ள?"

"கம்பெனிக்காரன் ஏத்திட்டான் மூக்கம்மா. நாங்க என்ன செய்ய?" என்று அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

மூக்கம்மாள் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஏலச் செடியின் அடியில் குனிந்து, பூவும் பிஞ்சும் கலையாமல் முற்றிய காயை மட்டும் கிள்ளி எடுக்கும் கை அது. இருபது வருஷப் பழக்கம். கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் நுழைந்தது. அட்டை துளியும் கிழியாமல் ஸ்டிக்கர் முழுசாக எழுந்து வந்தது. அடியில் நூற்று நாற்பத்தெட்டு பளிச்சென்று இருந்தது.

காயெடுக்கிற ஊரில் போய் ஸ்டிக்கர் ஒட்டலாமா? அண்ணாச்சிக்கு அந்தப் புத்தி எட்டவில்லை.

"ஏத்துனது கம்பெனிக்காரனா, நீங்களா?" மூக்கம்மாள் போட்ட சத்தத்தில் ஜீப்படியில் நின்றவர்கள் எல்லாம் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கடை என்னுது, சரக்கு என்னுது. வேணும்னா வாங்கு, இல்லன்னா எடத்தக் காலி பண்ணு!" என்று கத்திவிட்டு அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஆனந்தி, விலை ஏறுனது நெசந்தான்னு சொல்லு. படிச்ச புள்ள சொன்னா நம்புவாளுக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப் பொய் சொல்லவா அப்பா முதுகொடியக் களை வெட்டினார்? சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த என் பார்மசிஸ்ட் சான்றிதழைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். பார்மசிஸ்ட் இல்லாத கடை மருந்து விற்கக்கூடாது. அது அண்ணாச்சிக்கும் தெரியும்.

"விலை ஏறல. ஸ்டிக்கர் ஒட்டுனது நான். ஒட்டச் சொன்னது இவரு." அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "இனி என் பேர வச்சு இந்தக் கடையில ஒரு மாத்திரகூட விக்கக் கூடாது அண்ணாச்சி."

"போடி! வேற ஆளு கெடைக்காதா எனக்கு?"

"மண்ணு சரிஞ்ச ரோட்டுல பறந்தா வருவான்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

மூக்கம்மாள் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, இன்னைக்கு ஒங்க தோட்டத்துலதான் எங்களுக்கு வேலை. பதினெட்டுப் பேருல ஒருத்திகூட ஜீப்புல ஏற மாட்டா. காயி பழுத்து வெடிக்கட்டும். நீங்களே போய்ப் பொறுக்குங்க."

அண்ணாச்சிக்கு நான்கு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. வெடித்த காயைச் சந்தையில் யாரும் சீந்த மாட்டார்கள். அவர் ஜீப் டிரைவர் லிபினைப் பார்த்தார். லிபின் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பத்து நிமிஷம் தாங்கினார். பிறகு, "பழைய வெலைக்கே குடுத்துத் தொலை" என்றார்.

"எல்லாப் பெட்டியிலயும் உரிக்கணும்," என்றேன். குப்பிகளின் குளிர் குறையும் முன்னே வேலை முடிந்துவிட்டது. பதினெட்டுப் பேரின் நகங்கள்! இருபத்திரண்டு ஸ்டிக்கர்களும் அண்ணாச்சியின் மேஜைமேல் வரிசையாக ஒட்டிக்கிடந்தன. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது.

ஒரு குப்பியை எடுத்து மூக்கம்மாளிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"மொதல்ல ஒன் சர்டிபிகேட்டச் செவுத்துல மாட்டு தாயி."

"அத்தே, ராமலட்சுமிக்கு..."

"சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்கு. நீ நிக்கிற கடையிலதான் வாங்குவேன். நீ போயிட்டா நாளைக்கே இவரு மறுபடி ஒட்டுவாரு."

வாசலில் ஒருத்தரும் அசையவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், மழை மேகத்தைப் பார்த்தார், ஓடாமல் நின்ற ஜீப்பைப் பார்த்தார். பிறகு தானே ஸ்டூலைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மேலே ஏறி, நேராக இருக்கிறதா என்று மூக்கம்மாளை மூன்று தடவை கேட்டு, நிதானமாக மாட்டினேன்.