நாக்கில் தடவிய மருந்து

மார்கழி இருபத்தேழாம் நாள், கூடாரை அன்று அக்காரவடிசிலைப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப்பண்ணிவிட்டு, ஒரு துளி வாயில் போட்டதும் குமுதவல்லிக்குப் பகீரென்றது. நெய் இருந்தது, ஏலக்காய் இருந்தது, பச்சைக் கற்பூரம்கூட எட்டிப் பார்த்தது. தித்திப்பு மட்டும் மருந்துக்கும் இல்லை. வெல்லம் போட மறந்தே போனாளா? பெருமாளுக்கு முன்னால் ருசி பார்க்கிற வழக்கம் சின்ன காஞ்சிபுரத்தில் அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் கிடையாது. கை அளவுதான் கணக்கு. அந்தக் கை இன்றைக்குப் பார்த்தா காலை வாரவேண்டும்! கண்டருளப்பண்ணியதில் மறுபடி வெல்லத்தைக் கரைத்துக் கொட்டவும் முடியாது. சப்பென்ற சாதத்தைப் போய்ப் பெருமாளுக்குக் காட்டிவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள் ஸௌம்யா ஓடிவந்தாள். மெட்ராஸில் பார்மஸி படிக்கிற பெண், லீவுக்கு வந்திருந்தாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை அகல விரித்தாள்.

"திகட்டற அளவுக்குத் தித்திக்கறதேம்மா! கார்த்தால என்ன சாப்ட்டே?"

மருந்துதான். சர்க்கரை வியாதிக்கென்று எதிர்வீட்டுக் காந்தா விற்ற சிறுகுறிஞ்சான் கேப்ஸ்யூல். கூடு மாட்டெலும்பில் செய்வது என்று போன லீவில் ஸௌம்யாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னாள். அன்றிலிருந்து குமுதவல்லி கூட்டைப் பிரித்து எறிந்து, கையலம்பிவிட்டு, பொடியைச் சூரணம்போல நாக்கில் தடவிக்கொள்கிறாள். வியாதி வந்தபின் தித்திப்பையே தொடாததால் இதுவரை வித்தியாசம் தெரியவில்லை.

ஸௌம்யா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த எலைச் சத்து நாக்குல ஒட்டிண்டு தித்திப்பைத் தெரியவிடாது. அதுவும் இது வெறும் எலைப்பொடி இல்ல, சாறெடுத்து இறுக்கினது. செத்த நேரத்துல சரியாயிடும்."

போன உயிர் திரும்பி வந்தது. பெருமாள் நன்றாகத்தான் அமுது செய்திருக்கிறார்.

"நாக்குலயே இவ்ளோ வேலை பண்றதுன்னா உள்ள போய் எவ்ளோ பண்ணும்! டாக்டர் குடுத்த மாத்திரையை நான் நிறுத்தினது சரிதான்."

"நிறுத்திட்டியா? எப்போலேர்ந்து?"

"தீபாவளிலேர்ந்து. மாத்திரை கேக்கலேன்னா ஊசிதான்னுட்டார். ஊசி போட ஆரம்பிச்ச வருஷமே பாஷ்யம் மாமாவுக்குக் காலை எடுத்தா. நேக்கு பயமா இருக்குடி."

ஸௌம்யாவுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே அடங்கிப்போயிற்று. கேப்ஸ்யூல் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தச் சத்து இதுல எவ்ளோ இருக்குன்னு ஒரு வரி போடலியேம்மா. நாக்குல பண்ற வேலையை ரத்தத்துலயும் பண்ணும்னு யார் சொன்னா?"

"வேணும்னா நீயே சோதிச்சுப் பாரேன்" என்றாள் குமுதவல்லி.

சற்று நேரத்தில் இருவரும் கொல்லைப்புறத்தில் இருந்தார்கள். கல்லூரியிலிருந்து கொண்டுவந்த, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற நீலக் கரைசலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அம்மா கொண்டுவந்த சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள் ஸௌம்யா.

"நீலமாவே இருந்தா நீ சொன்னதுதான் சரி. செங்கல் கலர் வந்தா சர்க்கரை ரொம்ப ஜாஸ்தின்னு அர்த்தம்."

கொதி வந்தது. நீலம் கலங்கிப் பச்சையாயிற்று.

"பச்சைதானேடி? போறுமே, அணைச்சுடேன்."

"இரும்மா."

பச்சை வெளுத்து மஞ்சளானது. குமுதவல்லி மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழாயின் அடியில், மஞ்சளுக்குள்ளிருந்து சிவப்பு மெல்லக் கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது.